கோவை சொந்தக் காசு, பெங்களூரு அடுத்தவர் காசு

கேள்வி: எனக்கு வயது 31. கோவை கணபதியில் சொந்த வீடு. அப்பா, அம்மா, மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை என்று எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பி.இ.யும் முடித்தேன். எட்டு வருடமாக ஒரே பம்ப் கம்பெனியில் மோட்டார் டிசைன் பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 52,000 வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 18,000 வாங்குகிறார். இப்போது பெங்களூரு பொம்மசந்திராவில் மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் ஒரு ஸ்டார்ட்அப் 18 லட்சம் சி.டி.சி. (வருடத்துக்கு எனக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) தருவதாகச் சொல்கிறது. அதில் 3 லட்சம் பங்காகவும் ஒன்றரை லட்சம், இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் வேரியபிளாகவும் வரும். அங்கே இருக்கும் நண்பன், ‘கோயமுத்தூர்ல உட்கார்ந்து வீணாப் போற’ என்கிறான். 28,000 ரூபாய் வாடகையில் வீடுகூடப் பார்த்துவிட்டான். மாமனார், ‘சிறுவாணித் தண்ணிய விட்டுட்டு எங்க போறீங்க மாப்ள’ என்கிறார். முதலாளியிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். ‘போறதுன்னா போப்பா. உன்னை நம்பித்தான் புது டெஸ்டிங் ரூம் கட்டிட்டு இருக்கேன்’ என்றார். அதற்கு மேல் பேசவில்லை. என் வேலைக்கு எந்த ஊர் நல்லது? மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சம்பளக் கணக்கை முடித்துவிடுவோம். 18 லட்சம் என்ற எண்ணைப் பார்த்தே பெட்டி கட்டுகிறவர்கள் நிறைய பேர்.

பங்குக்கு 3, வேரியபிளுக்கு ஒன்றரை என்று எடுத்து வைத்தால் மிச்சம் பதிமூன்றரை லட்சம். கம்பெனி உங்கள் பெயரில் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடைக்கு என்று ஒதுக்குவது எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான் அடங்கும். அடிப்படைச் சம்பளம் பாதி என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் போகும். உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பி.எஃப். இன்னொரு 80,000. ஆக மாதம் கைக்கு வருவது 95,000 சொச்சம். வருமான வரி இந்தத் தொகைக்கு வராது; 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலைக்கழிவும் உண்டு. ஆனால் வேரியபிள் முழுதாக வந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். வந்த ஒன்றரை லட்சத்தில் பாதிக்குச் சற்று மேல் வரியாகவே போய்விடும். இதை ஆஃபர் கொடுக்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

95,000இல் வாடகை 28,000 போனால் 67,000. இப்போது உங்கள் வீட்டுக்கு வருவது 70,000, வாடகை கிடையாது. மனைவி வேலையை விட்டுவிட்டு உங்களோடு வந்தால் மாதம் 3,000 ரூபாய் நஷ்டத்தில் பெங்களூரு போகிறீர்கள். அங்கே அவருக்கு வேலை கிடைத்தால் கொஞ்சம் லாபம். குழந்தையின் பள்ளிக் கட்டணம், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போவது என்று சேர்த்தால் அந்த லாபமும் கரையும். அதனால் பணத்துக்காக என்றால் இந்த ஆஃபர் வேண்டாம். பேச்சு இதோடு முடிந்திருக்கும். ஆனால் நீங்கள் கேட்டது வேலையைப் பற்றி, அதில் இந்த இரண்டு ஊர்களும் நிஜமாகவே வேறு வேறு உலகம்.

மனிதவளத் துறையில் இரண்டு ஊர் கம்பெனிகளுக்கும் ஆள் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குப் பிடிபட்ட வித்தியாசம் ஒன்றுதான். கோவை பெரும்பாலும் சொந்தக் காசில் வளர்ந்த ஊர். பெங்களூரு அடுத்தவர் காசில் வளர்ந்த ஊர். முதலாளி உங்களைப் பார்க்கும் பார்வை, சம்பள உயர்வு, மீட்டிங்கில் யார் பேசலாம் என்பது, தோற்றுப் போனவனை ஊர் என்ன சொல்லும் என்பது வரை எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

கோவையில் முதல் நூற்பாலையை 1888இல் தொடங்கியவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். அதற்குப் பிறகு ஊரைக் கட்டியவர்கள் பெரும்பாலும் கரிசல் மண்ணில் பருத்தி போட்டு, ஜின்னிங் வைத்து, அந்த வருமானத்தில் மில் வைத்த விவசாயக் குடும்பங்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் இயந்திரம் பழுதானால் சரிபார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறைக்கு வார்ப்புக்கு ஃபவுண்டரி வேண்டும். மழை மறைவுப் பிரதேசம் என்பதால் கிணறு ஆழமாகிக்கொண்டே போனது, தண்ணீரை மேலே கொண்டுவர பம்ப் வேண்டும், பம்ப்புக்கு மோட்டார் வேண்டும். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து 1937இல் இந்தியாவிலேயே தயாரான மோட்டாரைக் கொண்டுவந்தது இந்தத் தேவையில்தான். 1955இல் வெட் கிரைண்டர் பிறந்ததும் இங்கேதான். அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டோம். ஒவ்வொரு படியிலும் போட்ட பணம் குடும்பத்துப் பணம், அல்லது உறவுக்காரரிடம் கைமாற்றாக வாங்கியது.

சொந்தக் காசு போட்டவர் வெளியாள் யாருக்கும் காலாண்டுக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அதனால் அவருக்குப் பொறுமை இருக்கும். ஆர்டர் இல்லாத வருடத்திலும் ஆளை அனுப்ப மாட்டார். ‘கொஞ்சம் பொறுத்துக்கோப்பா’ என்பார். தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டால் ஃபார்ம் நிரப்பச் சொல்ல மாட்டார். அதே சமயம் அந்தக் காசு அவர் பையிலிருந்து போவதால், சம்பளம் ஏற்றும்போது கை நடுங்கும். சந்தை நிலவரம் என்ன என்று அவர் பார்ப்பதில்லை, போன வருடம் உனக்கு என்ன கொடுத்தேன் என்று பார்க்கிறார். எட்டு வருட அனுபவத்துக்கு 52,000 என்பது இப்படித்தான் வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். குடும்பக் கம்பெனியில் உங்கள் தலைக்கு மேல் இருக்கும் நாற்காலி, இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வருவார், உங்களை ‘அண்ணா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார், உங்களுக்கு மேலே உட்காருவார்.

கோவையில் இதற்கும் ஒரு வழி உண்டு. நல்ல வேலைக்காரன் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வெளியே வந்து ரெண்டு லேத் போடுகிறான்; முதல் ஜாப் ஆர்டரைக் கொடுப்பவர் பழைய முதலாளியே. கணபதி, பீளமேடு, சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் இருக்கும் பல யூனிட்டுகளின் கதை இதுதான். சம்பளமாகக் கொடுக்க மனம் வராததை ஆர்டராகக் கொடுக்க அவருக்கு மனம் வரும். உங்கள் முதலாளி டெஸ்டிங் ரூமைப் பற்றிச் சொன்ன ஒற்றை வரியை இந்தக் கண்ணோடு படியுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெங்களூரு இப்படி வளரவில்லை. 1909இல் இந்திய அறிவியல் கழகம், டாடாவின் நிதியும் மைசூர் அரசு கொடுத்த இடமும். 1940இல் விமானம் செய்யும் எச்.ஏ.எல்., சுதந்திரத்துக்குப் பிறகு டெலிபோன் செய்யும் ஐ.டி.ஐ., கைக்கடிகாரம் செய்த எச்.எம்.டி., ராடார் செய்யும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக மத்திய அரசு நிறுவனங்கள். அரை நூற்றாண்டுக் காலம் டெல்லிப் பணத்தில் ஊர் நடந்தது. அரசாங்கப் பணத்தில் விமானமும் ராடாரும் செய்தால் ஒவ்வொரு திருகாணிக்கும் காகிதம் வேண்டும். சோதித்ததை எழுதி வைக்க வேண்டும், இன்னொருவர் வந்து சரிபார்க்க வேண்டும். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வந்தபோது, இந்தப் பழக்கம் ஊறிய பொறியாளர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். டெல்லிப் பணத்தோடு அமெரிக்கப் பணம் சேர்ந்தது. பிறகு முதலீட்டாளர் பணம். 2007இல் ஒரு சின்ன வீட்டில் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. பங்கு வைத்திருந்த ஊழியர்கள் சிலர் ஒரே நாளில் கோடீஸ்வரர் ஆனார்கள். பெங்களூரு ஸ்டார்ட்அப்களின் ஆஃபர்கள் பலவற்றில் பங்கு என்று ஒரு வரி இருக்கிறது, உங்கள் ஆஃபரிலும்.

அடுத்தவர் காசை வைத்து நடத்துகிறவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். அதனால் அந்த ஊருக்கு அவசரம் அதிகம். எல்லாம் எழுத்தில் இருக்கும். வேலை நடக்கிறது என்பது வெளியே தெரிய வேண்டும். காசு அவர் பையிலிருந்து போகவில்லை என்பதால் சம்பளம் தாராளம். காசு வரத்து நின்றால் இருபது பேரை ஒரு வீடியோ காலில் அனுப்பிவிடுவதும் அதே தாராளத்தோடு நடக்கும். 2022க்குப் பிறகு முதலீடு சுருங்கியபோது இதைக் கண்ணால் பார்த்தோம். அங்கே யாரும் கொடியவர் இல்லை. காசு அவருடையது இல்லை, முடிவும் அவருடையது இல்லை, அவ்வளவுதான்.

இது உங்கள் அன்றாட வேலையில் எப்படித் தெரியும் என்று ஒன்று சொல்கிறேன். டெஸ்ட் பெட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் சரியில்லை. உங்கள் கம்பெனியில் ஒரு பழைய ஃபோர்மேன் வருவார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் முனையைப் பேரிங் ஹவுசிங் மேல் வைப்பார், பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வார், அரை நிமிடம் கண்ணை மூடுவார். ‘பின் பக்கப் பேரிங். ரேஸ்ல கோடு விழுந்திருக்கு, கழட்டு’ என்பார். கழற்றினால், பேரிங்கின் குண்டுகள் ஓடும் அந்த வளையத்தில் கோடு இருக்கும். யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு மோட்டாரில் அதே சத்தம் வந்தால் மறுபடியும் அவரைத்தான் தேடுவார்கள். அவர் லீவில் இருந்தால் அன்றைக்கு டெஸ்டிங் இல்லை.

பொம்மசந்திராவில் நீங்கள் அதையே செய்து ‘பேரிங் போச்சு’ என்று சரியாகச் சொன்னாலும் உங்கள் மேனேஜர், உங்களைவிட நாலு வயது இளையவராக இருக்கலாம், ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்பார். அவமானப்படுத்துவதற்காகக் கேட்கவில்லை. சென்சார் வைத்து அதிர்வு அளந்தீர்களா, எந்த அதிர்வெண்ணில் முகடு இருக்கிறது, அது வெளி ரேஸுக்குப் பொருந்துகிறதா, இதே பேட்ச் பேரிங் எத்தனை வண்டியில் ரோட்டில் ஓடுகிறது? இதை நாலு பக்கத்தில் எழுதி, கிராஃப் போட்டு, பத்துப் பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேசி நிரூபிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் எரிச்சல் வரும். வேலையைச் செய்வதைவிட வேலையைப் பற்றிச் சொல்லவே நேரம் போகிறது என்று தோன்றும். ஆனால் அந்த நாலு பக்கம் எழுதத் தெரிந்தவனின் அறிவு அவனோடு கம்பெனி விட்டுக் கம்பெனி வரும். ஃபோர்மேனின் காது ஈடு இணை இல்லாததுதான், ஆனால் அவரை அறியாத இடத்தில் அதற்குச் சம்பளம் போடத் தெரிந்த ஆள் இல்லை.

உங்களைப் போன்ற கோவைப் பொறியாளர்கள் பெங்களூருவில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், வேலை தெரியாமல் இல்லை. செய்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். கோவையில் அது பெரிய குணம். முதலாளி தினமும் ஷாப் ஃப்ளோரில் ஒரு சுற்று வருவார், யார் செய்தது என்று அவருக்குத் தெரியும். பெங்களூருவில் உங்கள் மேனேஜருக்கு மேலே இருப்பவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார், அரையாண்டு ரிவ்யூவில் நீங்கள் எழுதியதைத்தான் பார்ப்பார். தற்பெருமை போல இருக்கிறதே என்று கூச்சப்பட்டு ரெண்டு வரியில் முடித்தால், ரெண்டு வரிக்கான இன்கிரிமென்ட் வரும்.

கல்யாண மண்டபத்துப் பேச்சிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. கோவையில் ‘எட்டு வருஷமா ஒரே கம்பெனி’ என்று சொன்னால் பெண் வீட்டார் முகம் மலரும். பெங்களூருவில் அதைச் சொன்னால் ‘ஏன், வேறு எங்கேயும் கிடைக்கவில்லையா?’ என்ற பார்வை வரும். தோல்விக்கும் அப்படித்தான். சொந்தக் காசில் யூனிட் போட்டுக் காசைத் தொலைத்தவனை இங்கே பத்து வருடம் கழித்தும் ‘கம்பெனி வெச்சு விட்டவன்’ என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அங்கே மூடிப்போன ஸ்டார்ட்அப் பயோடேட்டாவில் ஒரு வரி. இன்டர்வியூவில் சுவாரசியமாகக் கேட்பார்கள். போனது அவன் அப்பா காடு விற்ற காசு இல்லையே!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களிடம் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார் அறிவு. அதை அந்த ஸ்டார்ட்அப் ஏன் தேடி வந்தது என்று யோசித்தீர்களா? மின்சார ஸ்கூட்டர் மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது அரிய மண் காந்தம், அதற்குச் சீனாவை நம்பியிருக்கிறோம். 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் வண்டிக் கம்பெனிகள் தவித்தன. அந்தக் காந்தம் குறைவாகவோ, இல்லாமலோ ஓடும் மோட்டாரை எல்லோரும் தேடுகிறார்கள். இண்டக்‌ஷன் மோட்டாரில் காந்தமே கிடையாது. லேமினேஷன், வைண்டிங், சூடு, எஃபிஷியன்சி என்று எட்டு வருடம் கை அழுக்கான ஒருவர் இன்று அவர்களுக்குத் தேவைப்படுகிறார். ஆகவே பேரம் பேச உங்களுக்குப் பலம் இருக்கிறது. 3 லட்சம் பங்கில் பாதியையாவது நிலையான சம்பளமாக மாற்றிக் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்பார்கள். ஆஃபரை அதற்காகத் திரும்ப வாங்க மாட்டார்கள்.

மறுபக்கம், அவர்களிடம் இருப்பது உங்கள் ஊருக்குத் தேவை. பம்ப் தொழிலும் மாறிக்கொண்டிருக்கிறது. 2019இல் விவசாயிகளுக்குச் சோலார் பம்ப் வாங்க மானியம் தரும் பி.எம். குசும் திட்டம் வந்த பிறகு சோலார் பம்ப் பெரிய சந்தை ஆகிவிட்டது, அதில் மோட்டாரோடு, அதை ஓட்டும் மின்னணுக் கன்ட்ரோலரும் அதற்குள் ஓடும் சாஃப்ட்வேரும் சேர்ந்துதான் பம்ப். மோட்டாரும் தெரிந்து கன்ட்ரோலரும் தெரிந்த ஆள் கோவையில் தேடினாலும் சுலபமாகக் கிடைப்பதில்லை. மூன்று வருடம் பெங்களூருவில் அதைக் கற்றுக்கொண்டு திரும்பினால் நீங்கள் போன விலைக்கு வர வேண்டியதில்லை. எனக்கு இந்த ஆஃபரில் பிடித்த ஒரே காரணம் இதுதான்.

அதனால் அந்தக் கம்பெனியிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி சம்பளத்தைப் பற்றியது இல்லை. மோட்டாரை அவர்களே டிசைன் செய்கிறார்களா, வெளியிலிருந்து வாங்கி மாட்டுகிறார்களா? நேராகக் கேட்டால் ‘எல்லாம் இன் ஹவுஸ்’ என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: ஸ்டேட்டர் லேமினேஷனில் கடைசியாக என்ன மாற்றம் செய்தீர்கள், எதற்காகச் செய்தீர்கள்? டிசைன் செய்கிறவர் என்றால் அரை மணி நேரம் பேசுவார், போர்டில் படம் போடுவார். வாங்கி மாட்டுகிறவர் அடுத்த கேள்விக்குத் தாவுவார். மோட்டாரின் திறனை அளக்கும் டைனமோமீட்டர் சொந்தமாக இருக்கிறதா, நேரில் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அங்கே போக வேண்டாம், ஹோசூர் ரோட்டில் ஒரு நாள் சுற்றிப் பார்த்த திருப்தியோடு திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது, கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் வரும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கோவைக்காரர்கள் நினைக்கிறார்கள். அங்கே எல்லோரும் கேட்பார்கள். பதினெட்டு மாதத்துக்குக் குறைவு என்றால் நான் யோசிப்பேன்.

பங்கைப் பற்றிச் சுருக்கமாக. 3 லட்சம் என்று ரூபாயில் சொல்வதற்கு அர்த்தம் கிடையாது. கம்பெனியின் மொத்தப் பங்கில் எத்தனை சதவீதம், என்ன விலையில் வாங்க வேண்டும் என்று கேளுங்கள். வழக்கமாக நாலு வருடத்தில் பிரித்துக் கொடுப்பார்கள், முதல் வருடம் முடியாமல் விலகினால் ஒன்றும் கிடையாது. விலகும்போது எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். அப்படி வாங்கும்போது, நீங்கள் கொடுத்த விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகவே கணக்காகி வரி வரும், பங்கை விற்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். குடும்பக் கணக்குப் போடும்போது அந்த 3 லட்சத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதலாளி. ‘உன்னை நம்பித்தான் கட்டிட்டு இருக்கேன்’ என்று அவர் சொன்னது வருத்தம் மட்டும் இல்லை, அது ஒரு பேச்சுவார்த்தையின் தொடக்கம். கோவை முதலாளி இதைவிட வெளிப்படையாகப் பேச மாட்டார். பொம்மசந்திராவுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், ஷிஃப்ட் முடிந்து ஆபீஸ் அமைதியான நேரமாகப் பார்த்து உட்காருங்கள். ஆஃபர் லெட்டரை மேஜை மேல் வைக்காதீர்கள், மிரட்டல் போல ஆகிவிடும். டெஸ்டிங் ரூமில் என்னென்ன வரப்போகிறது, அதற்கு யார் பொறுப்பு, கன்ட்ரோலர் வேலையை நாமே செய்வோமா என்று கேளுங்கள். அவர் கண்ணில் வெளிச்சம் வந்தால், சம்பளத்தைப் பற்றி ஒரு எண்ணைச் சொல்லுங்கள். 75,000 கேட்பதில் தப்பே இல்லை. அவர் ஒப்புக்கொண்டு, கன்ட்ரோலர் வேலையும் உங்களிடம் வருகிறது என்றால், பெங்களூருவுக்கு நீங்கள் எதற்குப் போகவிருந்தீர்களோ அது கணபதியிலேயே நடக்கிறது. ‘பார்க்கலாம்ப்பா, தீபாவளி போகட்டும்’ என்றால் போய்விடுங்கள். அந்தத் தீபாவளி வராது.

போவதென்றால் நல்லபடியாகப் போங்கள். நோட்டீஸ் காலம் முழுதாக இருங்கள், உங்கள் இடத்துக்கு ஒரு பையனைத் தயார் செய்து கொடுங்கள், டிராயிங் எதையும் பென் டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். பெங்களூருவில் முந்தைய கம்பெனியை மறந்துவிடலாம். கோவையில் முதலாளிகள் ஒருவருக்கொருவர் போன் செய்து பேசுகிற ஊர். நீங்கள் திரும்பி வரும்போது, அல்லது சொந்தமாகப் போடும்போது, முதல் ஆர்டர் யாரிடமிருந்து வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

குடும்பத்தை உடனே கூட்டிப் போக வேண்டாம். முதல் ஆறு மாதம் நீங்கள் மட்டும் போய் இருந்து பாருங்கள், மனைவியின் வேலை இங்கே தொடரட்டும், பள்ளி வருடம் முடிந்த பிறகு முடிவு செய்யலாம். நண்பர் பார்த்த 28,000 ரூபாய் வீட்டுக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பொம்மசந்திரா ஹோசூர் ரோட்டிலேயே இருக்கிறது, ஹோசூரில் வீடு எடுத்துத் தினமும் போய் வருகிறவர்கள் ஏராளம். குழந்தைக்குத் தமிழ் உள்ள பள்ளி வேண்டுமென்றால் அது ஒரு நல்ல வழி. பெங்களூருவுக்குள்தான் இருப்பேன் என்றால், 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை வருகிறது, சில்க் போர்டு சந்திப்பில் ஆயுளைக் கழிக்க வேண்டியதில்லை. கோவைக்கு வந்தே பாரத் இருக்கிறது, ஆனால் அது பகல் வண்டி; வெள்ளிக்கிழமை வேலை முடித்து ஏற உதவாது. இரவு ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் இரவு பஸ்தான் கதி, பண்டிகைக்கு பஸ் டிக்கெட் விலை உங்களுக்குத் தெரியாததில்லை.

கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழிலேயே காலம் தள்ளலாம், அது உண்மை. ஆனால் ஷாப் ஃப்ளோரில் டெக்னீஷியன் உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் அவர் மொழி வேண்டும். தமிழ் தெரிந்தவருக்கு மூன்று மாதத்தில் பேச வந்துவிடும்.

மாமனார் தண்ணீரைச் சொல்வதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். பெங்களூரு காவிரித் தண்ணீரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு பம்ப் செய்து குடிக்கிற ஊர், 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி டேங்கர் லாரிக்கு வரிசை நின்றது. வீடு பார்க்கும்போது காவிரி இணைப்பு இருக்கிறதா என்று கேட்பது டைல்ஸ் பார்ப்பதைவிட முக்கியம்.

என் முடிவைக் கேட்டால்: முதலாளி கன்ட்ரோலர் வேலையையும் 75,000ஐயும் தந்தால் இருங்கள். தராவிட்டால், அந்த ஸ்டார்ட்அப் தன் மோட்டாரைத் தானே டிசைன் செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, மூன்று வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு போங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு ஆஃபர் வரும், காந்தத் தட்டுப்பாடு அடுத்த மாதமே தீர்ந்துவிடப் போவதில்லை.

கடைசியாக ஒரு பண விஷயம். எட்டு வருடம் முடித்துவிட்டீர்கள், கிராஜுவிட்டி உங்கள் உரிமை. கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வந்ததை வருடத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை 30,000 என்றால் 1,38,000 ரூபாய்க்கு மேல் வரும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், கோவையில் பலர் அப்படி விட்டிருக்கிறார்கள். பி.எஃப்.ஐ எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணில் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டிப் பணத்தை அப்படியே வங்கியில் வையுங்கள். பெங்களூருவில் வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸுக்கும், ஒருவேளை அந்த வீடியோ கால் உங்களுக்கே வந்தால் முதல் இரண்டு மாதத்துக்கும் அது வேண்டும்.